அப்பா ஒழித்த வரிசை

உலகமெல்லாம் நோய் பரவி, ஓட்டல்களை மூடச் சொல்லி உத்தரவு வந்த அன்று எங்கள் தெருவில் சந்தோஷமாக இருந்த ஒரே மனிதர் என் அப்பா. நோய் வந்ததில் அவருக்குச் சந்தோஷம் கிடையாது. அந்த அளவுக்கு நல்லவர்தான். பக்கத்து ஓட்டலின் ஷட்டர் நட்டநடு மதியத்தில் இறங்கியதில்தான் சந்தோஷம். கடையை விட்டு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஷட்டரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். தன் சொந்த முயற்சியால் ஒரு காரியம் முடிந்ததைப் போல ஒரு மூச்சு விட்டார். பிறகு அம்மாவுக்குப் போன் செய்து, ஒழிந்தது சனி என்றார். எந்தச் சனி என்று அம்மா கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஓட்டல் வரிசையைத் தவிர வேறு எதற்கும் கொடுக்கப்படவில்லை.

அப்பா வைத்திருப்பது மூக்குக் கண்ணாடிக் கடை. கண் பரிசோதனையும் உண்டு. பக்கத்து ஓட்டலில் மேஜைகள் கொஞ்சம், சாப்பிட வருகிறவர்கள் ரொம்ப. உட்கார இடம் கிடைக்காதவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். ஓட்டலுக்கு அந்தப் பக்கம் மின்சாரப் பெட்டி. அதன்மேல் மண்டை ஓட்டுப் படம். எவ்வளவு பசித்தாலும் மண்டை ஓட்டின் மேல் சாய்ந்து நிற்க யாருக்கும் மனம் வராது. அதனால் வரிசை எங்கள் பக்கமாகத்தான் வளரும். மதிய நேரத்தில் எங்கள் கடைக்கு வாசல் என்று ஒன்று இருப்பதே வெளியில் தெரியாது. கண்ணாடி வாங்க உள்ளே நுழைகிறவர்களை, குறுக்கே புகுந்து சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்து மற்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்ததும் உண்டு.

அப்பா சும்மா இருக்கவில்லை. பூந்தொட்டிகள் வைத்தார், நிற்கிறவர்கள் தொட்டியின் மேல் பையை வைத்துவிட்டுக் கை வீசி நின்றார்கள். ‘இங்கே நிற்காதீர்கள்’ என்று சிவப்புப் பெயிண்டில் தானே எழுதி ஒரு பலகையை நட்டார். களைத்தவர்கள் அதில் சாய்ந்துகொண்டார்கள். நகராட்சியில் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரி வாசலில் நின்று காற்றை இரண்டு தடவை மோந்து பார்த்தார். பிறகு போய் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றார். அதற்கப்புறமும் அப்பா புகார் கொடுப்பதை நிறுத்தவில்லை. அதிகாரி விசாரிக்க வருவதையும் நிறுத்தவில்லை. வருவது எப்போதும் சாப்பாட்டு நேரமாக இருந்தது என்பதைத் தவிர அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் அப்பாவும் ஓட்டல்காரரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. இருவரும் கௌரவமானவர்கள். கௌரவமானவர்கள் ஜாடையாகத்தான் பேசுவார்கள். அப்பா தன் கடையில் இருக்கும் வாடிக்கையாளரிடம், தன் வாசல் எது அடுத்தவன் வாசல் எது என்று தெரியாமலே சிலர் தொழில் பண்ண வந்துவிடுகிறார்கள் என்பார். வாடிக்கையாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். அப்பா பேசுவது தெருமுனை வரை கேட்கும். ஓட்டல்காரர் தன் டோக்கன்காரரிடம், வெள்ளைக் கோட்டு போட்டவனெல்லாம் டாக்டர் ஆகிவிட முடியுமா, நீயே சொல்லு என்பார். டோக்கன்காரர் எதுவும் சொல்ல மாட்டார். அவருடைய வேலை எண்களைக் கூப்பிடுவது மட்டும். நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பேச்சின் ஒரே சட்டம். வெறும் காற்றைப் பார்த்துப் பேசினால் பைத்தியம் என்பார்கள். எதிராளியைப் பார்த்துப் பேசினால் அது சண்டையாகிவிடும்.

ஆக, ஷட்டர் இறங்கியது. கொஞ்ச நாளில், கண்ணாடிக் கடையும் மருத்துவத்தோடு சேர்ந்ததுதான் என்று சொல்லி எங்கள் கடையைத் திறக்க அனுமதி கொடுத்தார்கள். அப்பா அனுபவித்துத் திறந்தார். வாசலைக் கழுவினார். கடைக்கு வாசல் இருப்பதைத் தானே அன்றுதான் பார்த்தவர் போல இரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்தார். தெருவின் அந்தக் கோடி வரை எந்தத் தடங்கலும் இல்லாமல் தெரிந்தது. வருகிறவர்கள் தாராளமாக வரலாம்.

யாரும் வரவில்லை.

முதல் வாரம் அப்பா, ஜனங்கள் பயந்துபோயிருக்கிறார்கள் என்றார். இரண்டாவது வாரம், முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது, அதனால் கண்ணாடி மேலேயே வெறுப்பு வந்துவிட்டது என்றார். அதற்கும் அடுத்து, எல்லாரும் வீட்டிலேயே கிடக்கிறார்கள், பார்த்த முகத்தையே பார்க்க எதற்குப் புதுக் கண்ணாடி என்றார். இதைச் சொல்லும்போது அம்மா எதிரில்தான் இருந்தாள். அன்று ராத்திரி சாப்பாடு சுமாராக இருந்தது.

சாப்பாட்டோடு மாமாவும் வந்தார். நேரில் இல்லை, ஸ்பீக்கரில். மாமா அம்மாவுக்கு அண்ணன். டைல்ஸ் குடோன் வைத்திருக்கிறார். ஊரே வீட்டில் அடைந்து கிடந்து சுவரையும் தரையையும் வெறித்துப் பார்த்ததில் அவருக்கு மட்டும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. குடோனைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். அப்பாவுக்குத் தனி மேஜை, மேஜைக்கு மேலே காற்றாடி, சுழல் நாற்காலி எல்லாம் உண்டாம்.

“மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணாடியும் பளபளன்னு இருக்கும், டைல்ஸும் பளபளன்னு இருக்கும். உங்களுக்குக் கை வந்த தொழில்தான்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அதற்கு ‘முடியாது’ என்று அர்த்தம். மாமாவுக்கும் அது தெரியும். வழக்கமாக அந்த இடத்தில் அம்மா சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லுங்கள் அண்ணா என்று அவளே தேதி கொடுத்துப் போனை வைத்தாள். கடையை மூடுவது என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குள் முதல் தடவையாக வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

எனக்குக் கல்லூரி போனுக்குள் நடந்துகொண்டிருந்தது. பொருளாதாரம் படிக்கிறேன். வீட்டில் சிக்னல் கிடைக்காததால் கடையில், கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து வகுப்பைக் கவனிப்பேன். பலகை என் தலைக்கு மேலே எல்லாருக்கும் தெரியும். பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு அவ்வப்போது கண்ணைச் சுருக்கி அதைப் படிக்க முயற்சி செய்வார். ஒரு நாள் அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, உங்க சாருக்குக் கடைசி ரெண்டு வரியும் தெரியவில்லை, வலது கண்ணை முதலில் பார்க்கச் சொல் என்றார். மைக் திறந்திருந்தது. அதற்கப்புறம் சார் என்னை மறக்கவில்லை; அந்தப் பருவம் முழுவதும் எனக்கு வருகைப் பதிவு ஒழுங்காக விழுந்தது.

அந்தப் பேராசிரியர்தான் வேலை ஒன்று கொடுத்தார். மூடிக் கிடக்கும் ஒரு ஓட்டலை எடுத்துக்கொண்டு, அது மூடியதால் சுற்றியுள்ள தொழில்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். நான் தொலைதூரம் போகிற ரகம் இல்லை. பக்கத்து ஷட்டரையே எடுத்துக்கொண்டேன். காய்கறி கொண்டுவரும் வேன்காரர் வேனை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைத் துணி வெளுக்கிறவர் துணி தேடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். டோக்கன்காரர் ஏதோ கம்பெனிக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வீட்டு எண்ணை அவர் கூப்பிடும் கூப்பாட்டில் தெருவே கதவைத் திறந்ததாம். எல்லாரையும் எழுதிவிட்டு, கண்ணாடிக் கடை: பாதிப்பு இல்லை, வாசல் சுத்தமாகியிருக்கிறது என்று எழுதப் போனேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று தோன்றியது. அந்த வாரம் கடைக்குள் வந்தவர்கள் மொத்தமே மூன்று பேர். மூவரும் கழன்ற ஸ்க்ரூவை மாட்டிக்கொள்ள வந்தவர்கள். முதன்முதலில் இந்தக் கடைக்கு எப்படி வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன்.

முதலில் வந்தது தபால்காரர். ஓட்டலில் டோக்கன் வாங்கிவிட்டு நின்றாராம், கால் வலித்ததாம், உள்ளே ஒரு நாற்காலி தெரிந்ததாம். அடுத்து வந்தது ஒரு டீச்சர். வரிசையில் வெயில் தாங்காமல் காற்றாடிக்காக உள்ளே வந்தாராம். வந்துவிட்டோமே, சும்மா நின்றால் என்ன நினைப்பார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்தாராம். மூன்றாவது ஆள் லாரி டிரைவர். அவர் விளக்கமாகவே சொன்னார்.

“சும்மா உக்காந்தேன் தம்பி. உங்கப்பா பட்டுன்னு லைட்டைப் போட்டு, படிங்கன்னுட்டாரு. எந்திரிச்சுப் போனா எழுதப் படிக்கத் தெரியாதவன்னு நினைச்சுப்பாருன்னு படிச்சேன். பாதிக்கு மேல தெரியல. அதுவரைக்கும் நான் லாரி ஓட்டிக்கிட்டு இருந்தேன், பாத்துக்கோங்க.”

இதுதான் விஷயம். அந்தத் தெருவில் பொதுமக்கள் உட்காரக்கூடிய ஒரே நாற்காலி எங்கள் கடையின் பரிசோதனை நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் அப்பா விளக்கைப் போட்டுவிடுவார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது; கண்ணாடிக் கடைக்கு வேறு எதற்கு வருவார்கள்? நடுவில் வெளியே டோக்கன் எண் கேட்டதும் ஓடிவிடுவார்கள். சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டே திரும்ப வந்து பிரேம் தேர்ந்தெடுப்பார்கள். வயிறு நிறைந்தவர்கள் பேரம் பேசுவதில்லை. இதையெல்லாம் அப்பா இத்தனை வருடம், தன்னுடைய கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

லாரி டிரைவர் போன பிறகு அப்பா, எல்லாம் தற்செயல் என்றார். மூன்று பேருமா என்றேன். மூன்று தற்செயல் என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன்: பரிசோதனை நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து வாசல் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஓட்டலின் ஷட்டர் பாதி திறந்தது. உள்ளேயிருந்து ஓட்டல்காரரும், கையில் டேப்போடு இன்னொரு ஆளும் வெளியே வந்தார்கள். டேப்காரர் நீளம் அளந்தார், அகலம் அளந்தார், உயரத்தை அண்ணாந்து பார்த்துக் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டார். அவர் போன பிறகு காய்கறி வேன்காரர் வந்து செய்தியைச் சொன்னார். ஓட்டல்காரர் இடத்தை விட்டுவிடப் போகிறார். அட்டைப் பெட்டி அடுக்குகிற குடோனாக ஆக்கப் போகிறார்கள். வாரக் கடைசியில் பேசி முடித்துவிடுவார்களாம்.

அட்டைப் பெட்டிகள் வரிசையில் நிற்பதில்லை. கால் வலிக்கிறது என்று உள்ளே வருவதில்லை. அப்பாவுக்கு நான் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் குடோனில் காற்றாடி ஓடுமா என்று அம்மாவிடம் கேட்டார். எந்தக் குடோன் என்றாள் அம்மா. உன் அண்ணன் குடோன் என்றார்.

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். “ஏங்க, அந்த மனுஷன்கிட்ட போயி, மூடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?”

இத்தனை வருடம் மூடு மூடு என்று சொல்லிவிட்டு, மூடும்போது போய் மூடாதே என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பான் என்றார் அப்பா. இப்போது என்ன நினைக்கிறார் என்று அம்மா கேட்டாள். அப்பா வேறு ஒரு நடைமுறைச் சிக்கலை எடுத்துச் சொன்னார்: அப்படியே பேசலாம் என்றாலும், யாரை வைத்துப் பேசுவது? கடையில் வாடிக்கையாளர் இல்லை. அவன் பக்கம் டோக்கன்காரர் இல்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் காலையில், இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருக்கும் தூணுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். நல்ல வேளை, எல்லாருக்கும் முகக்கவசம் இருந்தது. ஓட்டல்காரர் பழைய பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்பா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, மின்சாரப் பெட்டியைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

“டேய், ஓடற தொழிலை விட்டுட்டுப் போறது புத்திசாலித்தனமான்னு சிலர் யோசிக்கணும்டா.”

நான் தலையாட்டினேன். என் வேலை அவ்வளவுதான். ஓட்டல்காரர் ஒரு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டார். அதுவும் பேச்சில் சேர்த்தியா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஓடினா யாரு விடப் போறா? பார்சல் மட்டும் குடுக்கலாம்னு அனுமதி வந்து எத்தனையோ நாளாச்சு. அடுப்பு மூட்ட எனக்கு என்ன கசக்குதா?”

அப்பா மின்சாரப் பெட்டியிலிருந்து பார்வையை எடுத்தார். அப்படியென்றால் ஏன் கொடுக்கவில்லை என்று கேளு என்றார். நான் கேட்பதற்குள் ஓட்டல்காரர் பதிலை ஆரம்பித்துவிட்டார். வாங்க வருகிறவர்கள் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். தள்ளித் தள்ளி நின்றால் வரிசை முன்னைவிட நீளும். நீண்டால் பக்கத்துக் கடை வாசலைத் தாண்டிப் போகும். அதனால் பக்கத்துக் கடைக்காரர் சம்மதம் சொன்னால்தான் அனுமதி செல்லும் என்று நகராட்சியில் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் யார் என்பது நகராட்சிக்கே நன்றாகத் தெரியுமாம். பேரைச் சொன்னதுமே அந்த அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

“அவருகிட்ட போயி, உங்க வாசல்ல வரிசை விடறேன்னு நான் கேக்கணுமா, தம்பி? எனக்கென்ன பைத்தியமா?”

இத்தனை நாளாக அந்த ஷட்டரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நோயும் இல்லை, அரசாங்கமும் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றது. கேட்டால் அப்பா மறுத்துவிடுவார் என்று ஓட்டல்காரர் கேட்கவில்லை. தன்னிடம் கேட்க அப்படி ஒரு விஷயம் இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை நேராகப் பேசியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

அப்பா என்னிடம், சுற்றி வளைத்து, வெயிலைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார்.

“அந்தப் பக்கம் வெயில் அடிக்குதுடா. நம்ம கடைக்குத்தான் மேல சன்ஷேடு இருக்கு. நிக்கறவங்க நிழல்ல நின்னா யாரு கேக்கப் போறா?”

இதைச் சம்மதம் என்று புரிந்துகொள்ள ஓட்டல்காரருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த பாத்திரத்தை நிமிர்த்தி வைத்தார். இடம் விட்டு நிற்கத் தரையில் அடையாளம் போட வேண்டுமே, அதற்குப் பெயிண்ட் வேண்டுமே என்று என்னிடம் கவலைப்பட்டார். அப்பா சிவப்புப் பெயிண்ட் மிச்சம் இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். எதற்கு வாங்கிய பெயிண்ட் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. மூன்றாவது ஆளுக்கு அந்த உரிமை கிடையாது.

அதிகாரி நேரில் வந்து சம்மதத்தைக் கேட்டுக்கொண்டார். அதாவது நம்பாமல் கேட்டுக்கொண்டார். சார், வரிசை வேண்டாம் என்றுதானே இத்தனை வருடம் எழுதினீர்கள் என்றார். அது வேறு என்றார் அப்பா. எது வேறு என்றார் அதிகாரி. அது வேறு வரிசை என்றார் அப்பா. அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு, காலி ஓட்டலைப் பார்த்து ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, என்றைக்குத் திறப்பு என்று தேதி மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது ஓட்டல்காரர் ஒரு செய்தி சொன்னார். யாரையும் வெயிலில் காக்க வைக்கப் போவதில்லையாம். காலையிலேயே சமைத்து, கட்டி, அடுக்கி வைத்துவிடுவாராம். பணம் கொடுத்த கையோடு பார்சலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். ஒரு நிமிஷம் நிற்க வேண்டாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கொடுக்காத மனிதரின் பெருமை இருந்தது.

அப்பாவின் தூரிகை பாதி வட்டத்தில் நின்றது.

ஆறிப் போனதை யாரடா வாங்குவான் என்று என்னிடம் கேட்டார். வரிசை போனால் ஓட்டலுக்கு மரியாதை போச்சு என்றார். கேட்ட பிறகு சமைத்து, சுடச்சுடக் கட்டிக் கொடுத்தால்தான் பெயர் நிற்கும் என்றார். ஜனங்கள் காத்திருந்து வாங்கினால்தான் ருசி தெரியும் என்று ஆரோக்கிய சாஸ்திரத்தில்கூட இருக்கிறது என்றார். எந்தப் புத்தகத்தில் என்று நான் கேட்கவில்லை. ஓட்டல்காரர் அவர் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தோள்கள் குலுங்கின. முகக்கவசத்துக்குப் பின்னால் சிரிக்கிறாரா, இருமுகிறாரா என்று ஒரு கணம் நாங்கள் பயந்துவிட்டோம்.

“தம்பி, நாற்காலிக்கு ஆள் வேணும்னு உங்கப்பாவை நேராவே சொல்லச் சொல்லு.”

அப்பா நிமிர்ந்தார். எந்த நாற்காலி என்றார்.

“ஐயோ, எனக்குத் தெரியாதா? டோக்கன் கூப்பிடறவன் பாதிப் பேரை உங்க கடைக்குள்ள வந்துதானே கூட்டிக்கிட்டுப் போவான். ஒருத்தர் ஒரு கண்ணை மூடிக்கிட்டே வந்து டேபிள்ல உக்காந்தாரு. அதெல்லாம் எப்பவோ தெரியும்.”

அப்புறம் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேளு என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. சொன்னால் தன் வியாபாரத்தில் பங்கு கேட்கிறான் என்று நினைத்துவிடுவார், அதுதான் என்றார் ஓட்டல்காரர். அதோடு உங்கப்பா திட்டுவது நன்றாக இருக்கும், சமையற்கட்டு வரைக்கும் கேட்கும், மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டேதான் வெங்காயம் நறுக்குவார் என்றும் சேர்த்துக்கொண்டார். இது பாராட்டா என்று அப்பா யோசிப்பது தெரிந்தது. கடைசியில் பாராட்டு என்றே முடிவு செய்து, பாதியில் நின்ற வட்டத்தை முழுதாக்கினார். கேட்ட பிறகு சமைப்பது என்று முடிவானது. டோக்கன்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட அன்றே பொட்டலக் கம்பெனியை விட்டுவிட்டு வந்தார். தெருக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஓட்டல் திறந்தது மாதத்தின் கடைசி நாளில். மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அன்றுதான்.

காலையில் யாரும் வரவில்லை. சிவப்பு வட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஒரு நாய் மட்டும் நிழலில் இருந்த வட்டத்தில் சரியாகப் பொருந்திப் படுத்திருந்தது. அப்பா கடைக்குள் உட்காரவே இல்லை. அம்மா கடைக்கே வந்துவிட்டாள். கையில் போன். மாமா மதியம் கூப்பிடுவார், ஆமாம் இல்லை என்று ஒன்றைச் சொல்லிவிடுங்கள், இனியும் யோசித்துச் சொல்கிறேன் என்றால் அவர் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்றாள். வரிசை வராவிட்டால் அதற்கப்புறம் என்ன பேச்சு என்று அவளும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நான் பேராசிரியருக்கு எழுதிய கட்டுரையைத் திறந்து, முடிவுரை என்ற இடத்தில் கர்சர் கண் சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் வறுத்த வெங்காய வாசனை கிளம்பியது. தெரு மாடிகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இத்தனை நாளாகத் தங்கள் கையால் தாங்களே சமைத்துச் சாப்பிட்டு நொந்துபோனவர்கள் அவர்கள். முதலில் அதிகாரி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தபால்காரர். நாயை எழுப்பிவிட்டு ஒரு அம்மா. அரை மணி நேரத்தில் வட்டங்கள் போதவில்லை. வரிசை எங்கள் வாசலைத் தாண்டி, அடுத்த துணிக்கடையையும் தாண்டி, தெருமுனையில் திரும்பியது. துணிக்கடைக்காரர் வெளியே வந்து, முறைப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். அப்பா வாசலில் நின்று ஒவ்வொரு முகமாக, பல வருடம் கழித்துச் சொந்தக்காரர்களைப் பார்ப்பவர் போலப் பார்த்தார். ஆனாலும் யாரும் உள்ளே வரவில்லை. பல நாள் கழித்து வெளியே வந்த தயக்கமோ, நோய்ப் பயமோ, தங்கள் தங்கள் வட்டத்தை விட்டு யாரும் காலை எடுக்கவில்லை. அப்பா போட்ட வட்டம். நன்றாக அழுத்திப் போட்டிருந்தார்.

அந்த நேரத்தில் மாமாவின் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். மாமா, சுழல் நாற்காலி வந்துவிட்டது, நானே உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன், சத்தமே இல்லை என்றார். நாளைக்கே வரலாமே, என்ன சொல்கிறீர்கள் மாப்ளே என்றார்.

மனைவியின் அண்ணனிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அப்பாவால் ஆகாத காரியம். ஆமாம் என்று சொல்வது அதைவிட ஆகாது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா இரண்டு தடவை ஹலோ சொன்னார்.

அப்போது கதவு திறந்தது. சிவந்த முகத்தோடு ஒரு கனத்த மனிதர் டோக்கனைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். சார், ரொம்ப நேரமாக நிற்கிறேன், முழங்கால் விட்டுப் போச்சு, ஒரு நிமிஷம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் சரிந்தார். அப்பாவின் கை தானாகப் போய் விளக்கைப் போட்டது. எழுத்துப் பலகை வெளிச்சமானது. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்த மனிதரைப் பார்த்து, மேஜைமேல் இருக்கும் போனுக்கு நன்றாகக் கேட்கும் குரலில் பேசினார்.

“சார், இந்தக் கடையை விட்டுட்டு நான் எங்கேயும் போறதா இல்ல. யாரு எவ்வளவு ஆசையாக் கூப்பிட்டாலும் சரி, அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா நான் இங்கேதான் இருப்பேன். நாளைக்கும் இருப்பேன், அடுத்த வருஷமும் இருப்பேன்.”

மாமா மரமண்டை இல்லை. அவரும் எங்கள் குடும்பம்தான். அம்மா முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள், ஆனால் கண்கள் சிரித்துவிட்டன. நாற்காலியில் இருந்தவர் மட்டும் குழம்பிப்போய் அப்பாவையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பலகையின் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கினார்.

“நாளைக்கு எதுக்கு சார்? இப்பவே பாத்துடுங்க. என் நம்பர் வர இன்னும் நேரமிருக்கு.”